கடல் பார்த்துட்டு வர்றேன்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள், எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகட்டும் என்று அரசு வைத்திருக்கும் தடைக்காலம் அது. படகுகளுக்கு மராமத்து, பெயின்ட் வேலை நடக்கும். மற்றபடி கடலில் மீனவர்களுக்கு ஒரு ஜோலியும் இல்லை. ஆனாலும் அந்த நாட்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊரின் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். படகுக்காரர்கள் இரண்டு பேர், மூன்று பேராகக் கரையோரம் நடந்துகொண்டிருப்பார்கள். வலை பார்க்கப் போகிறவர்கள் இல்லை, மீன் எடுக்கப் போகிறவர்களும் இல்லை. எங்கே கிளம்பிட்டீங்க என்று வீட்டில் கேட்டால் ஒரே பதில்தான்: “கடல் பார்த்துட்டு வர்றேன்.”

வருஷத்தில் பத்து மாதம் கடலிலேயே கிடக்கிற மனிதருக்கு, கிடைத்த ஓய்விலும் கடலைப் பார்க்க என்ன இருக்கிறது? சின்ன வயதில் எனக்கு இது புரிந்ததே இல்லை. இப்போது எனக்கு ஐம்பது நெருங்குகிறது. ஊரில் பாதிப் பேருக்கு டாக்டர் “தினமும் நடங்க” என்று சொல்லி அனுப்புகிற காலம் இது. டாக்டர் சொன்ன நடை மூன்று வாரத்தில் நின்றுபோவதையும், யாரும் சொல்லாத இந்தக் கடல் பார்க்கிற நடை நாற்பது வருஷம் நிற்காமல் ஓடுவதையும் ஒரே தெருவில் பார்க்கிறேன். இரண்டும் அதே கால், அதே தூரம். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று யோசித்ததில் எழுந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். ‘காலாற நடந்துட்டு வர்றேன்’ என்பார்கள் நம் ஆட்கள். கால் ஆற. சூடான பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. காலும் அப்படித்தான் ஆறுகிறது. நடந்தால் கால் ஓய்ந்துபோகும் என்பதுதானே வழக்கம், நடந்தால் ஆறும் என்று எப்படிச் சொல்கிறார்கள்? நாளெல்லாம் வலை பின்ன உட்கார்ந்தவரையோ, கடையில் ஒரே இடத்தில் நின்றவரையோ கேட்டால் தெரியும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் காலில் இறங்கிய ரத்தத்தை மேலே, இதயத்தை நோக்கி, தள்ளிவிடுகிறது. அசையாமல் இருந்தால் அந்தத் தள்ளல் இல்லை. கால் கனத்துப்போகிறது, கணுக்கால் வீங்குகிறது. நாலு தெரு நடந்ததும் கனம் இறங்குகிறது. உடற்கூறு படித்தவர்கள் கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்கிறார்கள். நம் மொழி ‘காலாற’ என்று ஒரே சொல்லில் அதை முடித்துவிட்டது.

இன்னொரு சொல், ‘காத்து வாங்குறது’. கீழக்கரையில் விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் காற்று வாங்கப் போகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். டீக்கடைக்குத் திரும்பி வரும்போது முகமே வேறாக இருக்கும். இந்தக் கரையில் காற்று என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. பகலில் மண் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். மண்ணுக்கு மேலே உள்ள காற்று சூடேறி எழும்ப, அந்த இடத்துக்குக் கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நண்பகலுக்கு மேல் அது வலுத்து, சாயங்காலம் வரை நிற்கும். எங்கள் பக்கம் வெயில் மட்டும் பிரச்சினை இல்லை, புழுக்கமும் சேர்ந்தது. காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும். கடற்காற்று அந்த ஈரத்தை அடித்துக்கொண்டு போனால்தான் வியர்வை காய்ந்து உடம்பு குளிரும். ஐந்து மணிக்கு ஊர்க்காரர்களின் கால் தானாகக் கரைக்குத் திரும்புவது இதனால்தான். வீட்டுக்குள் மின்விசிறி சுற்றினாலும் அந்தக் காற்றுக்கு ஈடாகாது என்பது கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு மேல் பருவக்காற்று இருக்கிறது. மண்டபம் ஒரு நாக்கு மாதிரி கடலுக்குள் நீண்ட நிலம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு அரை மணியில் நடந்துவிடலாம். தனுஷ்கோடிப் பக்கம் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று ஆர்ப்பரிக்கும், மற்றது குளம் மாதிரி கிடக்கும். ஆனால் அது வருஷம் முழுக்க அப்படியே இருப்பதில்லை. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கரையில் மணல் முகத்தில் அறையும், அப்போது வடகரை அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று திரும்பினால் எல்லாம் தலைகீழ். ஆகவே எங்கள் ஊரில் நடக்கக் கிளம்புகிறவர் வாசலில் நின்று முதலில் காற்றைக் கேட்க வேண்டும். இன்றைக்கு வடக்கா, தெற்கா? இந்தச் சின்னக் கேள்வி ஒரு பெரிய காரியம் செய்கிறது. ஒரு நாள் நடை இன்னொரு நாள் நடை மாதிரி இருக்காமல் பார்த்துக்கொள்கிறது.

சரி, அந்தப் படகுக்காரர்கள் நடந்து என்ன பார்க்கிறார்கள்? என் அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்தவர். அவரோடு நடந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. வெறும் வேடிக்கை இல்லை அது. தண்ணீர் தெளிந்திருக்கிறதா கலங்கியிருக்கிறதா, பறவைகள் எந்த இடத்தில் விழுந்து எழுகின்றன, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, நேற்று இருந்த மணல் திட்டு இன்று எங்கே போனது என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென நின்று, கால் பெருவிரலால் மணலைக் கிளறி, “இந்த எடத்துல முந்தாநாள் இவ்வளவு மணல் ஏறல” என்பார். எனக்கு எல்லா நாளும் ஒன்றாகத் தெரிந்த கரை அவருக்குத் தினமும் வேறாக இருந்தது. மண்ணைப் பிடித்துக்கொண்டு படரும் அடப்பங்கொடி எவ்வளவு தூரம் கடலை நோக்கி இறங்கியிருக்கிறது என்பதுகூட அவருக்கு ஒரு செய்தி. இராவணன் மீசைப் புல்லின் முள் உருண்டைகள் காற்றில் உருண்டு ஓடும் திசையைப் பார்த்தே காற்று திரும்புவதைச் சொல்வார்.

நடைக்குள் இந்த மாதிரி ஒரு பார்வை இருந்தால் அது அலுக்காது. அப்பாவுக்கு நடக்க வேண்டும் என்ற எண்ணமே இருந்ததில்லை என்று நினைக்கிறேன். பார்க்க வேண்டும் என்றிருந்தது, அதற்குக் கால் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கரையில் நடப்பவர்கள் எங்கே கால் வைக்கிறார்கள் என்று கவனித்தால் இன்னொன்று தெரியும். எல்லோரும் அலை வந்து தொட்டுவிட்டுப் போகிற அந்த ஈரக்கோட்டிலேயே நடப்பார்கள். உலர்ந்த மணலில் நடப்பவர் வெளியூர்க்காரர். காரணம் எளிது. கெட்டித் தரையில் நடக்கும்போது நம் உடம்பு தலைகீழ் ஊசல் மாதிரி வேலை செய்கிறது. ஊன்றிய காலின் மேல் உடம்பு எழும்பி, மறுபக்கம் இறங்கும்போது கிடைக்கிற வேகமே அடுத்த அடிக்குக் கொஞ்சம் உதவுகிறது. மணலிலோ அந்த வேகத்தை மண்ணே தின்றுவிடுகிறது. கால் புதையும், மணல் நகரும், தசை கூடுதலாக உழைக்கும். 1998-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், ஒரே வேகத்தில் நடந்தாலும் கெட்டித் தரையைவிட மணலில் 2.1 முதல் 2.7 மடங்கு வரை சக்தி செலவாகிறது என்று கண்டார்கள். தனுஷ்கோடி மணலில் ஒரு கிலோமீட்டர் நடந்தவர் ரோட்டில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்த களைப்போடு உட்காருவது வயதால் இல்லை.

ஈர மணல் மட்டும் ஏன் கெட்டியாக இருக்கிறது? மணல் துகள்களுக்கு இடையே சிக்கிய கொஞ்ச நீர் பசை மாதிரி அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. நீர் இல்லாவிட்டால் பிடிப்பு இல்லை, நீர் முழுக்க நிறைந்துவிட்டாலும் பிடிப்பு போய்விடும். அலை வடிந்துபோன அந்த ஒன்றிரண்டு முழ அகலத்தில்தான் பதம் சரியாக இருக்கும். குழந்தைகள் மணல் வீடு கட்ட அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதே பதத்துக்காகத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஆகவே ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். போன வழியிலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் கணக்கு சரியாகிவிடும். முழங்கால் வலிக்காரர்கள் ரோட்டோர மண்பாதையில் நடப்பதே நல்லது.

இன்னொரு எச்சரிக்கையை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு நடந்தால்தான் உடம்புக்கு நல்லது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். பல வருஷமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். உடைந்த சிப்பியோ மீன் முள்ளோ பாட்டில் துண்டோ குத்தினால் தெரியாது, புண் ஆறவும் நாளாகும். அவர்கள் செருப்பில்லாமல் கரையில் இறங்கவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கரையின் பழைய நடை ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே போதும். மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம், முகுந்தராயர் சத்திரம். தங்குவதற்கும் இளைப்பாறுவதற்கும் கட்டிய இடங்களே ஊர்ப் பெயராக நின்றுவிட்டன. காசியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேதுவுக்கு, அதாவது ராமேஸ்வரத்துக்கு, வந்தவர்கள் நடந்துதான் வந்தார்கள். ராமநாதபுரம் மன்னர்களின் சேதுபதி என்ற பட்டமே சேதுவைக் காப்பவர் என்பதுதான், வழி நெடுகச் சத்திரம் அமைப்பது அந்த மன்னர்களின் பெரிய தர்மமாக இருந்தது. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும் வரை மண்டபத்தில் தோணி ஏறிப் பாம்பனில் இறங்க வேண்டும். அங்கிருந்து ராமேஸ்வரம் கோயில் வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மணல். அந்தத் தூரத்துக்குள்ளேயே அக்காவுக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று என்று இரண்டு மடம். இவ்வளவு நெருக்கத்தில் எதற்கு என்று இன்று பஸ்ஸில் போகிறவருக்குத் தோன்றலாம். மணலில் நடந்தவருக்குத் தோன்றாது.

கோயிலுக்குள் போனாலும் நடைதான். இருபத்திரண்டு தீர்த்தமும் ஒவ்வொன்றாக நனைந்துகொண்டே போக வேண்டும். வெளிப்பிராகாரத்தின் 1,212 தூண்களுக்கு நடுவே நடக்கும்போது, கொதிக்கிற மணலைக் கடந்து வந்த யாத்திரிகருக்கு அந்த நிழலும் குளிர்ந்த கல்லும் என்னவாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கு வருவதும் வழிபாடு, வந்து சேர்வதும் வழிபாடு.

தனுஷ்கோடியில் இந்தப் பழைய நடை ரொம்ப நாள் தங்கியிருந்தது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரை அழித்த பிறகு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சரியான ரோடே இல்லை. மணலில் ஓடும் வண்டி கிடைத்தால் அதில் போகலாம், இல்லாவிட்டால் நடக்க வேண்டும். 2017 ஜூலையில், நிலம் முடியும் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் ரோடு திறந்தார்கள். நல்ல காரியம், வயதானவர்களும் போக முடிகிறது. ஆனால் இப்போது பெரும்பாலானவர்கள் முனையில் இறங்கி, போட்டோ எடுத்து, இருபது நிமிஷத்தில் வண்டியேறிவிடுகிறார்கள். இடிந்த தேவாலயத்துக்கும் ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்களுக்கும் நடுவே காலால் நடந்தால்தான் அது ஓர் ஊராக இருந்தது என்பது உள்ளே இறங்கும். ஒரு வீட்டின் நடையைத் தாண்டி இன்னொரு வீட்டின் அடுப்படி வரை எத்தனை அடி என்று நம் காலே அளந்து சொல்லும். அங்கே போகிறவர்கள் தயவுசெய்து பழைய ஊரில் வண்டியை நிறுத்தி அரை மணியாவது நடங்கள். முனையில் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும்.

இப்போது டாக்டர் சொன்ன நடைக்கு வருவோம். அதன் பெயர் ‘வாக்கிங்’. தமிழில் நடை, உலா என்று சொல் இருந்தும் இந்தச் சொல் எங்கள் ஊருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. இது புதுப் பொருள். எங்கேயும் போகாமல், எதையும் எடுத்து வராமல், உடம்புக்காக மட்டும் நடப்பது. என் அத்தை அறுபது வயது வரை கடல்பாசி பறிக்கப் போனவர். கைவிரலிலும் காலிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பளவு, கழுத்தளவு நீரில், பாறைக்கு மேல் நடந்தும் முங்கியும் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்த கால்கள் அவருடையவை. சர்க்கரை வந்து டாக்டர் நடக்கச் சொன்னபோது வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: “நடந்து நடந்துதானேப்பா இந்த முழங்கால் போச்சு. இன்னும் எங்க நடக்கச் சொல்றாரு?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பாடுபட்டு நடந்தவருக்கு நடை என்பது கூலி, சுமை, தாகம். ராமநாதபுரத்துக் கிராமங்களில் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்கு நடக்கும் பெண்களிடம் போய் நடையின் இன்பத்தைப் பேச முடியாது. நடைப்பயிற்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நடை இனிக்க வேண்டுமென்றால், எப்போது கிளம்பலாம், எப்போது திரும்பலாம் என்பது நடப்பவர் கையில் இருக்க வேண்டும். அத்தைக்கு வாழ்நாளில் அது இருந்ததில்லை.

அதற்கு மேல் பத்தாயிரம் அடி என்று ஒரு கணக்கையும் கொடுத்துப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். அத்தையின் மகன் கையில் கட்டும் கடிகாரம் ஒன்றை வாங்கித் தந்து, தினமும் பத்தாயிரம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டான். அந்த எண் பெரிய மருத்துவ ஆய்வு எதிலிருந்தும் பிறந்ததில்லை. 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் மான்போ-கே, ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள். விற்பனைக்கு வைத்த பெயர் உலகத்துக்கே இலக்காகிவிட்டது. 2019-இல் அமெரிக்காவில், சராசரி வயது 72 ஆன பெண்களிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. 4,400 அடி என்பது சுமார் மூன்று கிலோமீட்டர், அதுவும் வீட்டுக்குள் நடப்பது, கடைக்குப் போவது எல்லாம் சேர்த்து. எங்கள் தெருவிலிருந்து கரைக்குப் போய்த் திரும்பினால் பாதிக்கு மேல் வந்துவிடும்.

சர்க்கரைக்கு நடை ஏன் உதவுகிறது என்பதையும் யாராவது அத்தை மாதிரி ஆட்களுக்கு உட்கார்ந்து சொல்ல வேண்டும். வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவிக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக நடந்தாலும் சர்க்கரை ஏறுவது குறைகிறது. ஓட வேண்டாம், மூச்சு வாங்க வேண்டாம். இதைச் சொல்லாமல் ‘வாக்கிங் போங்க’ என்று மட்டும் சொன்னால், அறுபது வயதுவரை உழைத்தவர் அதை ஒரு தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வார்.

நிலைத்த நடைக்கு நான் அறிந்த நல்ல உதாரணம் ராமேஸ்வரத்திலேயே இருக்கிறது. அப்துல் கலாம் தம் தந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தொழுதுவிட்டு, வீட்டிலிருந்து நாலு மைல் தள்ளியிருந்த தென்னந்தோப்புக்கு நடந்து போவார். ஒரு டஜன் தேங்காயைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் காலை உணவு. அறுபதுகளின் பிற்பகுதியிலும் அவர் இதை விடவில்லை. இதில் எங்கேயும் உடற்பயிற்சி இல்லை. தொழுகை முடிவது நடையின் தொடக்கம், தோப்பு திரும்பும் இடம், பசியாறுவது முடிவு. முன்னும் பின்னும் வேறொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் நடை நழுவுவதில்லை. இந்த மூன்றையும் எடுத்துவிட்டு நாலு மைலை மட்டும் கையில் கொடுத்தால் எத்தனை பேர் எத்தனை நாள் நடப்பார்கள்?

இதற்காக, கால் தனியாக ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லவில்லை. 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், உட்கார்ந்திருப்பவர்களைவிட நடப்பவர்களுக்குப் புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடை இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் அது வந்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிர்களுக்கு நடை உதவவில்லை. இது என் அனுபவத்துக்கும் ஒத்துப்போகிறது. வட்டிக் கணக்கை நடந்துகொண்டே போட முடியாது. ஆனால் ஒரு சிக்கலை வேறு எப்படிப் பார்க்கலாம் என்பது பெரும்பாலும் கரையின் பாதித் தூரத்தில்தான் தோன்றும்.

பேச்சும் அப்படித்தான். வீட்டில் நானும் அப்பாவும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சாப்பிட்டாச்சா, ஆச்சு, அவ்வளவுதான். கரையில் நடக்கும்போது முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. இருவர் கண்ணும் முன்னால் இருக்கும், பேச்சு நின்றால் அலைச்சத்தம் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும், மௌனம் உறுத்தாது. இனி தன்னால் இரவில் கடலுக்குப் போக முடியாது, கண் தெரியவில்லை என்பதை அவர் முதலில் அங்கேதான் சொன்னார். சொல்லிவிட்டு நிற்கவில்லை, நடந்துகொண்டே இருந்தார். நானும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுக்கூடத்தில் உட்கார்ந்து அவரால் அதைச் சொல்லியிருக்க முடியாது, என்னால் கேட்டிருக்கவும் முடியாது.

இதே கூட்டு நடைதான் பெரிய அளவில் பாதயாத்திரையாகிறது. தைப்பூசத்துக்குப் பழனி, செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வேளாங்கண்ணி, ஓரியூர் அருளானந்தர் கோயில் என்று எங்கள் பக்கத்து ரோடுகளில் வருஷத்துக்குச் சில தடவையாவது வெறுங்கால் கூட்டம் போகும். பாதம் கொப்பளித்து வந்தவர்தான் அடுத்த வருஷம் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறார். நேர்த்திக்கடன் ஒரு காரணம். கூட நடந்தவர்கள் இன்னொரு காரணம். ஒரே பாட்டுக்கு ஒரே தாளத்தில் கால் வைத்து நாலைந்து நாள் நடந்தவர்களுக்குள் ஓர் உறவு வந்துவிடுகிறது, ஊருக்குள் அது அவ்வளவு சீக்கிரம் வராது.

பெண்களின் நடையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் ஒருவர் “கடல் பார்த்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். பெண்ணுக்கு அந்தப் பதில் போதாது. எதற்கு, யாரோடு, எப்போது வருவாய் என்று கேள்வி வரும். அதனால் எங்கள் ஊரில் பெண்கள் நடக்கும்போது கையில் ஏதாவது இருக்கும். குடம், கூடை, கோயிலுக்குப் பூ, குறைந்தது ஒரு பை. கையில் பை இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடப்பவர்களுக்கென்று இடம் விட்டிருப்பது அபூர்வம். பல ஊர்களில் சீமைக்கருவேலம் ரோட்டின் விளிம்பு வரை வளர்ந்து நிற்கிறது. லாரி வந்தால் முள்ளுக்குள் ஒதுங்க வேண்டும். தெருவிளக்கு இல்லாத இடத்தில் நாய் பயம். நாலு விளக்குக் கம்பமும், முள் வெட்டிய ஓர் ஒற்றையடிப் பாதையும், உட்கார இரண்டு கல் பெஞ்சும் கரைக்குப் போகும் வழியில் இருந்தால் எத்தனை பெண்கள் நடக்க வருவார்கள் என்பதை நான் நேரிலேயே பார்த்தேன். அதை அத்தையின் கதையோடு சொல்கிறேன்.

கடிகாரம் கட்டிய மூன்றாவது வாரத்தில் அத்தை அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். விடியற்காலையில் தெருவில் ஷூ போட்டுக்கொண்டு போவது கூச்சமாக இருக்கிறது என்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. சில மாதம் கழித்து, வடகரைக்குப் போகும் பாதையில் விளக்கு வந்தது. பாசிக்குக் கூடப் போன பழைய கூட்டாளிகள் மூன்று பேர் சாயங்காலம் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்கள். அத்தையும் சேர்ந்துகொண்டார். முதலில் மஞ்சப்பையோடுதான் போனார். உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நாளில் எழுந்து, படகுத்துறை வரை போய்த் திரும்பினார்கள். எந்தப் பாறைப் பக்கம் பாசி இப்போது நன்றாக முளைத்திருக்கும், தண்ணீர் வற்றினால் எந்தத் திட்டு தெரியும் என்பதுதான் பேச்சு. உடம்பு போகாவிட்டாலும் கண் இன்னும் பாசிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. செருப்பு மட்டும் கட்டாயம் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பை எப்போது வீட்டிலேயே தங்க ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது.

போன ஐப்பசியில் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்குப் போனேன். நாலு பேரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வடக்கே போகவில்லையா என்று கேட்டேன்.

“வாடை திரும்பிருச்சுல்ல. வடக்க ஒரே அடி. நாளையிலேருந்து தெக்க போறோம், அங்கதான் கடல் கெடக்கு” என்றார் அத்தை.